கோதுமையை நிறுத்துவதற்கு முன்…

உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய்கள் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியவை. குடல் நோய் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

எனக்கு 34 வயது. நான்கு வருடமாக ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு, உப்புசம். தோழி சொன்னதால் இரண்டு மாதமாகச் சப்பாத்தி, ரவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வயிறு இப்போது நன்றாக இருக்கிறது. டாக்டரோ சீலியாக் நோய்க்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். சரியாகிவிட்ட பிறகு அது தேவையா? — வாசகி, கோவை

தேவைதான். ஆனால் இன்றைக்கே ரத்தம் கொடுத்தால் காசுதான் வீண். சீலியாக் நோயில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போதுதான் எதிர்ப்பு சக்தி கிளம்பிச் சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சும் 'குடல் விரல்களை'ச் சிதைக்கிறது. கோதுமையை நிறுத்தியதும் எதிர்ப்பு சக்தி ரத்தத்தில் உண்டாக்கிய எதிர்ப்பொருள் குறையத் தொடங்கும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். உங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்யாததற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். இரும்பை அதிகம் உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி. சீலியாக் முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

எனவே டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறிலிருந்து எட்டு வாரம் தினமும் இரண்டு சப்பாத்தி சாப்பிடுங்கள். 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 3 கிராம் குளூட்டன் இருக்கும். தாங்க முடியாத வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு வாரத்திலேயே பரிசோதனைக்குப் போகலாம். ரத்தத்தில் டிடிஜி ஐஜிஏ என்ற அந்த எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் கேட்டு வாங்குங்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் குறைவு, அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக 'சரி' என்று வரும். பிறகு எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலில் நாலைந்து இடத்தில் சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கோதுமையை விட்டுவிட்டால் போயிற்றே என்று தோன்றும். சீலியாக் என்று உறுதியானால் அது ஆயுள் முழுக்கப் பத்தியம், கல்யாண வீட்டு விருந்தில்கூட விதிவிலக்கு கிடையாது. வெறுமனே கோதுமை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததோ, குடல் எரிச்சல் நோயோ என்றால் அந்தக் கெடுபிடி வேண்டாம். அதோடு பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். வட இந்தியாவோடு ஒப்பிட்டால் நம் பக்கம் சீலியாக் மிகக் குறைவு. அதனாலேயே வருடக்கணக்கில் 'ரத்தசோகை' என்ற பெயரிலேயே ஓட்டிவிடுகிறோம்.

உறுதியானால் சப்பாத்தியை நிறுத்துவது சுலபம். அஞ்சறைப் பெட்டிதான் சிக்கல். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தே வாங்குங்கள். சம்பா ரவை 'வேறு ஏதோ தானியம்' என்று நினைக்கிறார்கள், அது கோதுமைதான். ரவை, சேமியா, சோயா சாஸ், பார்லி மால்ட் கலந்த சத்துபானம், கோபி 65-இன் மேல்மாவு எல்லாமே தள்ளுபடி. மாவு மில்லில் அரிசியோ கேழ்வரகோ அரைக்கக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் அரைத்த கோதுமை இயந்திரத்தின் உள்ளே ஒட்டியிருக்கும், முதல் ஆளாகப் போனாலும் முந்தைய நாள் மாவு இருக்கும். மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள், சல்லடையும் தனி. ஓட்டலில் ரவா தோசையும் பரோட்டாவும் போடும் கல்லில்தான் உங்கள் சாதா தோசையும் வரும். இட்லி, இடியாப்பம் கேளுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் வடையும் வேண்டாம்.

ஒரு துளிக்கு இவ்வளவா என்றால், ஆமாம். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே குடல் விரல்கள் சிதையும் என்று பார்த்திருக்கிறார்கள். ஒரு சப்பாத்தியை அறுபது துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. 'குளூட்டன் இல்லாதது' என்று இந்தியாவில் அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பால் சில மாதம் உப்புசம் தரும். குடல் விரல்களின் நுனியில் உள்ள லாக்டேஸ் நொதி அழிந்திருப்பதுதான் காரணம். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். டிடிஜி அளவை ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் பாருங்கள். இறங்கவில்லையென்றால் எங்கிருந்தோ கோதுமை வருகிறது, முதலில் பெருங்காய டப்பாவைச் சந்தேகியுங்கள்.

கோதுமைதான் குற்றவாளி என்று உறுதி செய்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் மீண்டும் படுத்தார்கள். ஆட்டோ இம்யூன் நோய்களில் சாப்பாட்டை மாற்றுவதே முழு சிகிச்சையாக இருப்பது சீலியாக்கில்தான். அடுத்த கடிதங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஷிமோட்டோ தைராய்டு (எதிர்ப்பு சக்தி தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்) இருக்கிறது. 75 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன். இணையத்தில் பார்த்து ஆறு மாதமாகக் கோதுமை, முட்டைகோஸ், காலிஃபிளவர் எல்லாம் நிறுத்தியும் டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) 9-லேயே நிற்கிறது. காலையில் எழுந்ததும் மாத்திரை, உடனே காபி. டிபனோடு கால்சியம். முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின். வேறு எதை நிறுத்த வேண்டும்? — வாசகி, திருநெல்வேலி

காபியை. நிறுத்த வேண்டாம், தள்ளிப் போடுங்கள். நீங்கள் போடும் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டுமே சரியாக உறிஞ்சப்படும். மாத்திரை போட்டு 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான் காபி, டிபன். டிகாக்‌ஷன் மாத்திரையைக் குடலில் ஏறவிடாது, பாலில் உள்ள கால்சியமும் துணைக்கு நிற்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். காலை அவசரம் ஒத்துவராதவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நேரத்தை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டிஎஸ்ஹெச் பாருங்கள்.

பயோட்டின் இன்னொரு குழப்பம். பல ஆய்வகக் கருவிகளில் அது டிஎஸ்ஹெச்சை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். உங்கள் 9-கூட அதைவிட அதிகமாக இருந்திருக்கலாம். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அதிக டோஸ் என்றால் இன்னும் முன்னால்.

முட்டைகோஸ் வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிட எந்தத் தடையும் இல்லை. தினமும் பச்சையாக ஜூஸ் அடித்துக் குடிப்பதுதான் வேண்டாம். கம்பங்கூழ் வாரம் இரண்டு நாள் சரி, மூன்று வேளையும் கம்பே சோறு என்றால் தைராய்டுக்கு ஆகாது. அயோடின் உப்பு போதும், கடல்பாசி மாத்திரை ஹாஷிமோட்டோவைக் கிளப்பிவிடும். ஹாஷிமோட்டோ இருப்பவர்களுக்கு சீலியாக் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், அதனால் டிடிஜி ஒரு தடவை பார்ப்பதில் தவறில்லை. ஆறு மாதம் கோதுமை சாப்பிடவில்லை என்பதால் மேலே கோவை வாசகிக்குச் சொன்னதேதான் உங்களுக்கும். டிடிஜி சரியாக இருந்தால் தயங்காமல் சப்பாத்தி சாப்பிடுங்கள்.

29 வயது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் வரும் நோய்). மெசலமைன், அசதயோப்ரின் மாத்திரைகள் சாப்பிடுகிறேன். ஒரு வருடமாக மலத்தில் ரத்தம் போகவில்லை. பழைய சோறு சாப்பிட்டால் நல்ல பாக்டீரியா பெருகி நோயே போய்விடும், மாத்திரையை விட்டுவிடலாம் என்கிறார் மாமா. — வாசகர், சென்னை

மாமா பாதி சரி. பழைய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்வது உண்மை, ஆறிய சோற்றில் குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகும் செரிக்காத மாவுச்சத்து கூடுவதும் உண்மை. ஆனால் மெசலமைனை நிறுத்தினால் நோய் திரும்பி வருவதைத் தடுக்க பழைய சோற்றால் ஆகாது. ஒரு வருடம் ரத்தம் போகாமல் இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான்.

சாப்பிடலாமா என்றால், சுத்தமாகச் செய்தால் சாப்பிடலாம். சோறு வெந்தபின் மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைப்பதுதான் ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாகாது, வெதுவெதுப்பில் முளைத்து வாந்தி வரவைக்கும் நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நச்சு போகாது. சோற்றைத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, கழுவிக் காயவைத்த சட்டியில் போட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஒரு விரல் உயரம் நிற்கும்படி ஊற்றுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஊற்றினால் காலை ஏழுக்குத் தயார். லேசான புளிப்பு வாசம் சரி. வழவழப்பு, நூல் இழுப்பு, நிற மாற்றம் தெரிந்தால் கொட்டிவிடுங்கள். அசதயோப்ரின் வெள்ளை அணுக்களைக் குறைக்கும். எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லும் வாரங்களில் பழைய சோறு, கொதிக்கவைக்காத பால், தள்ளுவண்டிச் சட்னி எல்லாவற்றுக்கும் விடுமுறை.

நோய் கிளம்பும் சமயத்தில்தான் நார்ச்சத்தைக் குறைக்க வேண்டும். குழைந்த சாதம், இட்லி, தோல் நீக்கி வேகவைத்த கேரட், வாழைப்பழம், முட்டை, மீன். கீரைத்தண்டும் கொய்யா விதையும் அப்போது வேண்டாம். ரத்தம் நின்றதும் காய்கறிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். பயந்துபோய் வருடக்கணக்கில் தயிர்சாதத்தோடேயே நிற்பவர்கள் சதை வற்றிப் போகிறார்கள். நோய் கிளம்பிய காலத்தில் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலைவலி, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் வேண்டாம், அவை நோயைக் கிளப்பலாம். பாராசிட்டமால் போதும். ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ மலம் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ, நாடித்துடிப்பு 90-க்கு மேலோ இருந்தால் பத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட். தக்காளி, கத்தரிக்காய், உருளை ஆகாது என்கிறார்கள். எதிர்ப்பு சக்திக்குச் சீந்தில் பொடி சாப்பிடலாமா? — வாசகி, தஞ்சாவூர்

தக்காளியும் கத்தரியும் மூட்டைத் தாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் மூன்றையும் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக, நாலு நாள் இடைவெளியில் சேர்த்து, காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் குழம்பு பழையபடி. மத்தி மீன் வாரம் இரண்டு மூன்று முறை நல்லது. அதில் உள்ள ஒமேகா 3 வலியைக் கொஞ்சம் குறைக்கும், மருந்தைக் குறைக்காது.

சீந்தில் வேண்டாம். உங்கள் நோயே எதிர்ப்பு சக்தி எகிறுவதால் வருவது, அதைத் தூண்டுவதில் அர்த்தமில்லை. சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலைத்தான் பதம்பார்க்கும். மாத்திரை அட்டையில் கிழமையைப் பேனாவால் எழுதி வையுங்கள். மறதியில் தினமும் போட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு.

200 உணவுகளுக்கு ஐஜிஜி (ஒரு வகை எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை செய்தேன். அரிசி, பால், முட்டை எல்லாம் சிவப்புக் கட்டத்தில். இனி எதைச் சாப்பிடுவது? — வாசகர், மதுரை

அவற்றையேதான். ஐஜிஜி இருப்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டுப் பழகியதற்கான அடையாளம், ஒவ்வாமைக்கு அல்ல. தினமும் சோறு தின்பவர் ரத்தத்தில் அரிசி சிவப்பாக வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். குடலில் அழற்சி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் டாக்டரைக் கேட்டு மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பாருங்கள். அதற்கு முன் வலி மாத்திரை எடுத்திருந்தால் அளவு கூடிக் காட்டும், அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.