கடைசி ஆளை இருட்டுக்குள் அனுப்பாதீர்கள்

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகளை எதிர்த்து வீரர்களை முறை வைத்து நகர்த்தும் 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' என்ற வீடியோ கேம் விளையாட ஆரம்பித்திருக்கிறேன். மூன்றாவது மிஷனுக்குள் நான்கு வீரர்களும் செத்துப்போகிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: நகர்த்தும் வரிசையில் இருக்கும் தம்பி. 2012இல் வந்த இந்த ஆட்டத்தை இன்றும் ஆசையாக விளையாடுகிறேன். என் அக்கா பெயர் வைத்த ஸ்னைப்பரை நான் இழந்ததும் இதனால்தான்.

மூன்று பேரை நகர்த்திவிட்டு, நான்காமவரை மஞ்சள் கோடு வரை, அதாவது அவருடைய இரண்டு நகர்வும் தீரும் தூரம் வரை, ஓட விட்டேன். சுவரைத் தாண்டியதும் மூன்று செக்டாய்டுகள் (சின்ன உருவ வேற்றுக்கிரக எதிரிகள்) கண்ணில் பட்டன. கண்ணில் பட்டதும் அவை இலவசமாக ஒரு நகர்வு எடுத்து மறைவுக்குள் போய்விடும். திருப்பிச் சுட என் பக்கம் யாரிடமும் நகர்வு மிச்சமில்லை.

அதனால் தெரியாத இடத்துக்கு முதல் ஆளையே அனுப்புங்கள், ஒரே நகர்வில் எட்டும் நீலக் கோட்டுக்குள் மட்டும். பின்னால் வருபவர்கள் அவர் பார்த்த இடத்திலேயே நிற்கட்டும். மிச்சமுள்ள நகர்வை ஓவர்வாட்சுக்கு, அதாவது எதிரி அசைந்தால் சுடக் காத்திருக்கும் காவலுக்கு, கொடுங்கள்.

பாதி மறைவு எதிரியின் குண்டு நம் மேல் படும் வாய்ப்பை 20 சதவீதப் புள்ளி குறைக்கும், முழு மறைவு 40. எதிரி பக்கவாட்டில் வந்துவிட்டால் இரண்டுமே பூஜ்யம். அப்புறம், கையெறி குண்டைச் சேமிக்காதீர்கள். அது குறி தவறாது. நார்மல் நிலையில் ஒரு செக்டாய்டுக்கு ஒரு குண்டு போதும்.