கார்ட்டோகிராஃபர்ஸ்: புள்ளியைத் தின்னும் அரக்கன்

மஞ்சக்குப்பத்தில் நண்பர்களோடு கார்ட்டோகிராஃபர்ஸ் என்ற, தாளில் வரைபடம் வரையும் விளையாட்டை ஆடும்போது, பக்கத்து ஆள் உங்கள் தாளில் வரையும் அரக்கனால் பருவத்துக்குப் பருவம் (அதாவது சுற்றுக்குச் சுற்று) புள்ளி குறைகிறது என்று கேட்டிருந்தீர்கள். அரக்கனை ஒட்டிய காலிக் கட்டத்துக்குத்தான் அபராதம், ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. மூலையில் தொடுவது கணக்கில்லை. அரக்கன் வந்த உடனே சுற்றியுள்ள காலிக் கட்டங்களை அடைக்கத் தொடங்குங்கள், வசந்தத்தில் வந்ததை விட்டுவைத்தால் குளிர்காலம் வரை தண்டம்தான். காடோ வயலோ எதையாவது வரைந்து அடையுங்கள், ராணியின் ஆணைக்கு (புள்ளி தரும் விதிச் சீட்டுக்கு) பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை. 11-க்கு 11 கட்டத்தின் நடுவைப் பெரிதாகக் காலி விடாதீர்கள். எதிராளி தேடுவதே அதைத்தான். ஒரு பருவத்தில் வெளிவராத அரக்கச் சீட்டு அடுத்த பருவத்துக்கும் சீட்டுக்கட்டிலேயே இருக்கும். அப்புறம் தாள் தீர்ந்துபோவது பற்றி: லேமினேட் செய்து மார்க்கரில் வரையலாம். ஆனால் கடலூர் வெக்கையில் வியர்த்த கை பட்டாலே வரைந்த ராஜ்ஜியம் அழிந்துவிடும். ஜெராக்ஸும் பென்சிலுமே மேல்.