பத்தாம் வகுப்பு முடித்த மகனும் எட்டுக் கால் ஐசியும்

தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு,

மகன் பள்ளி முடிந்து வந்ததும் பழைய ரேடியோவையும் பொம்மைக் காரையும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறான், இது பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டீர்கள். அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) நேரத்தை அளந்து விளக்கை ஏற்றி அணைக்கும் எட்டுக் கால் சில்லான ஒரு 555 டைமர் ஐசி இருந்ததால், அதை வைத்தே பதில் சொல்வது எளிது.

ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் வடிவமைத்து, மறு ஆண்டு சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த ஐசி, சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இன்றும் ஒரு டீ செலவில் கிடைக்கிறது. கண்டன்சரின் (மின்தேக்கியின்) மின்னழுத்தம் சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் வெளியீட்டை அணைத்து, மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி ஏற்றுவது என்ற ஒரே வேலையால், எல்இடி மினுக்குவது முதல் ஸ்டெபிலைசரின் தாமத நேரம் வரை எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்கிறது.

உங்கள் மகன் எல்இடியை மினுக்கிவிட்டான். அது யூடியூபைப் பார்த்து யாரும் செய்யக்கூடியது என்பதால் நான் வேறொன்றைச் செய்யச் சொன்னேன். 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோஓம், 68 கிலோஓம் ரெசிஸ்டர்கள், 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஆகியவற்றை வைத்தால் விளக்கு ஏறத்தாழ ஐந்து விநாடி எரிந்து ஐந்து விநாடி அணையும். அப்போது மல்டிமீட்டரின் கம்பியைக் கண்டன்சர் இணைந்திருக்கும் ஆறாம் காலில் வைத்தால், எண் 3இலிருந்து 6 வரை மெல்ல ஏறி, மறுபடி 3க்கு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். பையன் மீட்டரையே பார்த்திருந்துவிட்டு, "பேட்டரி இறங்கினாலும் நேரம் மாறாதா சார்?" என்று கேட்டான். இரண்டு எல்லைகளும் சப்ளையோடு சேர்ந்தே இறங்குவதால் நேரம் பெரிதாக மாறாது என்பதே விடை. ஆனால் அந்தக் கேள்வி அவனுக்குள்ளிருந்து வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ரிப்பேர் வேலையில் சம்பாதிப்பவர்களைப் பிரித்துக் காட்டுவதும் இப்படி அளந்து பார்த்துக் கேள்வி கேட்கும் குணமே. படிப்பு ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வருமுன் நான் ரிப்பேர் கடையில் வேலை பார்த்த காலத்தில், தாமத நேரம் முடிந்தும் ஆன் ஆகாத ஒரு ஸ்டெபிலைசருக்கு மூன்று 555களை மாற்றிப் பார்த்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் மீட்டரை வைத்தபோது, 12 வோல்ட் சப்ளையில் 8 வோல்ட்டை எட்ட வேண்டிய கண்டன்சர் 6 வோல்ட்டிலேயே நின்றது; அது கசிந்துகொண்டிருந்தது, ஐசி மேல் குற்றமே இல்லை. அதே கண்டன்சர் காய்ந்து கொள்ளளவு குறைந்திருந்தால் தாமதம் சுருங்கியிருக்கும். நான்காம் காலைச் சப்ளையில் இணைக்காமல் தொங்கவிடுவது, ஐந்தாம் காலுக்குச் சிறு கண்டன்சர் வைக்காமல் விடுவது போன்றவற்றை அவன் இரண்டொரு முறை தவறு செய்து தானாகவே கற்றுக்கொள்வான்.

படிப்புக்கு வருகிறேன். வீட்டுச் சூழலில் சீக்கிரம் வருமானம் தேவை என்றால் ஐடிஐயில் இரண்டாண்டு எலக்ட்ரானிக் மெக்கானிக் பயிற்சி பொருந்தும். அதை முடித்தவர் டிப்ளமாவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருப்பதால் மேற்படிப்பின் கதவு மூடிவிடுவதில்லை. கணக்கில் பயமில்லாத பையன் என்பதால், மூன்றாண்டு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவையே நான் முதலில் சொல்வேன். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐசிஎஃப்) அப்ரண்டிஸ் பயிற்சிதான் உங்கள் எண்ணமாக இருந்தால், எந்தெந்த டிரேடுகளுக்கு எடுக்கிறார்கள் என்று அறிவிப்பைப் படித்த பிறகே ஐடிஐ பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற டிரேடுகளுக்கே வாய்ப்பு அதிகம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இந்த ஓராண்டு பேட்டரியில் ஓடுவதை மட்டும் அவன் தொடட்டும்; 230 வோல்ட் சுவர் பிளக்கில் செருகும் எதையும், அணைத்து வைத்த ஸ்டெபிலைசராக இருந்தாலும், கற்றவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் திறக்கக் கூடாது. பழுது பார்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எந்தக் காலில் எத்தனை வோல்ட் இருந்தது, எதை மாற்றிய பின் சரியானது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பம் போட வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.