கண்ணுல பலாப்பிஞ்சு விழுந்துச்சு, வலி இல்ல, விட்டுடலாமா?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரரு தோப்புல பலா வெட்டுற வேலை பாக்குறாரு. போன ஞாயித்துக்கெழமை இவரு கீழ நின்னு கயிறு புடிச்சுக்கிட்டு இருந்தப்ப மேலருந்து கையளவு பிஞ்சு ஒன்னு அறுந்து வலது கண்ணுல விழுந்துடுச்சு. அன்னிக்கு ஒரே செவப்பு. மாமியார் தாய்ப்பால் விடச் சொன்னாங்க, நான் மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டேன். இப்ப அஞ்சு நாளாச்சு, வலி இல்லங்கறாரு, ஆனா அந்தக் கண்ணுல மட்டும் புகை மாதிரி என்னமோ மெதக்குதாம். சீசன் முடியட்டும்னு வேலைக்குப் போறாரு. மலேசியாவுல இருக்கற நாத்தனாரு, டுரியன் விழுந்து அங்க கண்ணு போனவங்க இருக்காங்கன்னு பயமுறுத்துறாங்க. பலாவுக்கும் அப்படி ஆகுமா?
- பெயர் வேண்டாம், பண்ருட்டி பக்கம்

பதில்: தங்கச்சி, லெட்டர்ல போன் நம்பர் போட்டிருந்தீங்க, அதனால படிச்ச அன்னிக்கே கூப்பிட்டு இன்னிக்கே கெளம்புங்கன்னு சொல்லிட்டேன். இப்ப எழுதுறது தோப்புல வேலை பாக்குற மத்தவங்களுக்கும் சேத்துதான்.

வலி இல்லங்கறத மட்டும் நம்பாதீங்க. கண்ணு ஆஸ்பத்திரில நர்ஸா வேலை பாத்து ரிடையர் ஆனவ நான், வலி இல்லன்னு லேட்டா வந்தவங்களதான் நெறைய பாத்திருக்கேன். விழித்திரைக்கு வலியே தெரியாது, அது கிழிஞ்சாலும் சரி, பிரிஞ்சு வந்தாலும் சரி. அவரு சொல்ற புகை கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சதால இருக்கலாம், இல்ல விழித்திரைல கிழிசல் விழுந்திருக்கலாம், வெளிய நின்னு பாத்து யாராலயும் சொல்ல முடியாது, சொட்டு போட்டு கண் பாப்பாவ, அதாவது கருவிழி நடுவுல இருக்கற கருப்பு வட்டத்த, விரிய வெச்சு உள்ள பாத்தாதான் தெரியும். பளிச் பளிச்னு மின்னல் அடிக்குதா, ஒரு ஓரத்துலருந்து திரை எறங்குற மாதிரி இருக்குதான்னு அவருகிட்ட கேளுங்க. ஆமான்னா ஒரு மணி நேரம் கூட தள்ளக்கூடாது.

நாத்தனார் சொல்றது பொய் இல்ல. டுரியன் பழுத்தா தானாவே விழும், மரமும் ரொம்ப உசரம், முள்ளு கூர்மை, அதனால கண்ணைக் குத்திக் கிழிச்சுடும். அங்க மரத்துக்குக் கீழ வேலை பாக்குறப்ப ஹெல்மெட் மாட்டுவாங்க, பழத்தைப் புடிக்க வலை கட்டுவாங்க. நம்ம பலாவோட முள்ளு மொட்டை, குத்துறத விட நசுக்குறதுதான் ஜாஸ்தி. ஆனா 20 அடியிலருந்து விழுற எதுவும் கீழ வர்றப்ப மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகத்துல வரும், அது மாங்காயா இருந்தாலும் சரி, வெளாம்பழமா இருந்தாலும் சரி. பெருசா இருந்தா புருவ எலும்பும் கன்ன எலும்பும் கொஞ்சம் தாங்கிக்கும், சின்னதா இருந்தா நேரா குழிக்குள்ள போய் கண்ணையே அடிக்கும். ‘ஏய் பாத்து’ன்னு மேலருந்து கத்துனா நாம என்ன பண்றோம், குனியறதுக்குப் பதிலா அண்ணாந்து பாக்குறோம், அங்கதான் தப்பே நடக்குது.

சொட்டு மருந்து விஷயத்துலதான் எனக்குக் கோவம். மெடிக்கல்ல தர்ற சொட்டுல சிலதுல ஸ்டீராய்டு இருக்கும். காய், எல, குச்சி பட்டு கருவிழில கீறல் விழுந்தா பூஞ்சை புடிக்கும், நம்ம பக்கம் வெவசாய வேலை பாக்குறவங்களுக்கு இது சகஜம், அதுல ஸ்டீராய்டு விட்டா பூஞ்சைக்கு சோறு போட்ட மாதிரிதான். அந்த பாட்டிலை கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. தாய்ப்பாலும் வேணாம், வெளக்கெண்ணெயும் வேணாம். மாமியாரோட இதுக்கு சண்டை போடாதீங்க, அவங்க காலத்துல வேற வழி இல்ல, டாக்டர் சொல்லிட்டாருன்னு என்மேலயோ அவருமேலயோ பழியைப் போட்டுடுங்க.

எங்க போறதுன்னு கேட்டீங்கன்னா கடலூர் மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, பாண்டி ரோட்டுல தவளக்குப்பத்துல அரவிந்த் இருக்கு, கோரிமேட்டுல ஜிப்மர் இருக்கு. காப்பீட்டு அட்டை, ஆதார் எடுத்துக்குங்க. அவரை பைக் ஓட்டிட்டுப் போக விடாதீங்க, பாப்பாவை விரிய வெக்கற சொட்டு விட்டா பல மணி நேரம் மங்கலாதான் தெரியும், கூட ஒரு ஆள் போகணும். டாக்டர் பாக்குற வரைக்கும் மூட்டை தூக்க வேணாம், தலையணையை ஒசத்தி வெச்சுப் படுக்கட்டும், ஆஸ்பிரின் மாத்திரை டாக்டரைக் கேக்காம போட வேணாம்.

இனிமே யாருக்காவது கண்ணுல அடிபட்டு கிழிஞ்ச மாதிரி இருந்தா, இல்ல ரத்தமோ தண்ணியா என்னமோ வடிஞ்சா, கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, துணி வெச்சு இறுக்கிக் கட்டவே கூடாது. டீ குடிக்கற பேப்பர் கப் புதுசா ஒன்னு எடுத்து, விளிம்பு எலும்பு மேல உக்கார்ற மாதிரி கவுத்து பிளாஸ்திரி ஒட்டி அப்படியே கூட்டிட்டுப் போங்க. அடியே படல, பலாப்பால் மட்டும் தெறிச்சுதுன்னா அது வேற, உடனே நெறைய நல்ல தண்ணில கழுவிட்டு டாக்டர்கிட்ட போகணும்.

இன்னொன்னு. இப்ப சரியாயிடுச்சுன்னு அனுப்பிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை கண் பிரஷர் பாக்கச் சொல்லுங்க, அடிபட்ட கண்ணுல பல வருஷம் கழிச்சுக்கூட பிரஷர் ஏறலாம், கண்புரையும் சீக்கிரமே வரலாம். மறுபடி தோப்புக்குப் போறப்ப ஹெல்மெட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் குடுங்க, மேல வெட்டுறவரு குரல் குடுக்கற வரைக்கும் கயிறு புடிக்கறவரு மரத்தை விட்டு தள்ளி நிக்கணும்னு பேசி வெச்சுக்கட்டும்.

உங்க போன்ல பேசுனப்ப பின்னாடி அவரு ‘சனிக்கெழமை லோடு இருக்கு’ன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. டாக்டர் என்ன சொன்னாருன்னு ஒரு வரி போடுங்க.