டர்போவை மாற்றச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: என்னுடையது ஏழு வயதான 1.4 லிட்டர் டர்போ கார். கிராஞ்சி விரைவுச்சாலையில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் நன்றாகப் பாய்கிறது. இரண்டு மூன்று விநாடியில் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இழுவை செத்துவிடுகிறது, மஞ்சள் இபிசி (எஞ்சின் மின்கட்டுப்பாட்டு எச்சரிக்கை) விளக்கும் எரிகிறது. எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஸ்கேனரில் பி0299 என்ற பழுதுக் கோடு (குறியீட்டு எண்) வந்தது. டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறது பட்டறை. மாற்றலாமா? (வாசகர், சுவா சூ காங்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ; பி0299 என்பதற்கு, கம்ப்யூட்டர் கேட்ட காற்றழுத்தம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே பொருள். ஏன் கிடைக்கவில்லை என்பதை அந்த எண் சொல்லாது. எஞ்சினை அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்றீர்களே, அதுதான் நல்ல தடயம். அழுத்தம் சில விநாடிகள் குறைவாகவே இருந்ததைக் கண்டு கம்ப்யூட்டர் லிம்ப் மோடுக்கு (சக்தியைக் குறைத்து எஞ்சினைக் காக்கும் நிலைக்கு) போய்விட்டது. உடைந்த டர்போ சாவியைத் திருப்பினால் குணமாகாது.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குள் காற்று நுழையும் குழாய்) அழுத்தம், பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்று) அழுத்தம், வெளிக்காற்று அழுத்தம் மூன்றையும் பாருங்கள். சிங்கப்பூர் கடல்மட்டத்தை ஒட்டியிருப்பதால் மூன்றுமே ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். இரண்டு 100 காட்டி ஒன்று மட்டும் 92 என்றால் அந்த சென்சார் பொய் சொல்கிறது. ஆயில் படிந்த பூஸ்ட் சென்சார் இப்படி ஏமாற்றுவதுண்டு.

அடுத்தது ஓட்டிப் பார்த்துப் பதிவெடுப்பது. மூன்றாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து 4,000 வரை முழு ஆக்சிலரேட்டர். வேக வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுபவர் கைப்பேசியைக் கையில் பிடித்து இயக்கினால் அது தனிக் குற்றம். பதிவில் மூன்று எண்கள் வேண்டும்: கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், வேஸ்ட்கேட்டுக்கு (டர்போவைச் சுழற்றும் புகையைத் திருப்பிவிட்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவுக்கு) போன கட்டளை. மலிவான புளூடூத் கருவியோடு வரும் சாதாரணச் செயலிகள் பெரும்பாலும் கிடைத்த அழுத்தத்தை மட்டுமே காட்டும். கேட்டதும் தெரிய வேண்டுமானால் உங்கள் காரின் பிராண்டுக்கான மென்பொருள் தேவை.

கேட்டது 180 கிலோபாஸ்கல், கிடைத்தது 130, வேஸ்ட்கேட்டை மூடச் சொல்லும் கட்டளையோ உச்சத்தில் என்றால், கம்ப்யூட்டர் போராடுகிறது, காற்று எங்கோ தப்பிக்கிறது. கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே போய், ஆனாலும் இழுவை இல்லையென்றால் பூஸ்டை விட்டுவிட்டுத் தீப்பொறியையும் பெட்ரோலையும் பாருங்கள். கேட்ட எண்ணே குறைவாக இருந்தால், வெப்பம், நாக்கிங் (பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிப்பது), கியர்பாக்ஸ் பாதுகாப்பு என வேறு ஏதோ காரணத்துக்காகக் கம்ப்யூட்டரே அடக்கி வாசிக்கிறது. மற்ற பழுதுக் கோடுகளைத் தேட வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் டர்போவுக்கு விலை சொல்லும் பட்டறையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்?

உங்கள் விஷயத்தில் முதல் வகைதான் நடந்திருக்கும் என்பது எங்கள் ஊகம். டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் கதவு) வரை ஒவ்வொரு ஹோஸ் இணைப்பையும் விரலால் தடவுங்கள். உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. வெளியே ஈரமாகித் தூசி அப்பியிருந்தால் அங்கேதான் கசிவு. புகை விட்டுச் சோதித்தோம், ஒன்றுமில்லை என்று பட்டறை சொன்னால் முழுக்க நம்பிவிடாதீர்கள். புகைக் கருவி தரும் அழுத்தம் மிகக் குறைவு; சில விரிசல்கள் 0.7, 0.8 பார் ஏறினால்தான் வாயைத் திறக்கும். ரெகுலேட்டர் வைத்து அந்த அழுத்தத்துக்குக் காற்றேற்றி, சோப்பு நீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஆயில் சீல்கள் பழுதாகலாம்.

பிறகு டைவர்ட்டர் வால்வு, அதாவது ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தக் காற்றைத் திருப்பிவிடும் வால்வு. பல கார்களில் இது சில திருகுகளோடு கழன்றுவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தால், டர்போ அழுத்திய காற்று சுற்றி வந்து டர்போவின் வாய்க்கே போகும். கடைசியாக வேஸ்ட்கேட் கம்பி. காற்றழுத்தத்தில் இயங்கும் வகை என்றால் கைப்பம்பை மாட்டிப் பாருங்கள்: கம்பி வழுக்கிக்கொண்டு போய்த் தானாகத் திரும்ப வேண்டும். குளிர்ந்திருக்கும்போது சரியாக நகர்ந்து, சூட்டில் இறுகிக்கொள்ளும் பின்களும் உண்டு. எனவே ஓட்டி வந்த சூட்டோடு இன்னொரு முறை சோதிப்பது நல்லது.

டர்போவே குற்றவாளி என்று எப்போது ஒப்புக்கொள்ளலாம்? சைரன் போல ஊளை, நீலப்புகை, உறையில் உரசிய இறக்கைகள், அல்லது தண்டை முன்னும் பின்னும் இழுக்கும்போது கையில் தட்டுப்படும் ஆட்டம். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருப்பது இயல்பு. அதைக் காட்டிப் பயமுறுத்தினால் மயங்க வேண்டாம்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலையில் வேகமெடுக்கும்போது கார் குலுங்குகிறது, எஞ்சின் விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது. மெதுவாக ஓட்டினால் சரி. (வாசகர், யீஷூன்)

பதில்: விளக்கு நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால் உடனே காலை எடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அப்போது செலவு பல மடங்காகும்.

டர்போ ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பிளக் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். பலவீனமான காயிலோ (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) இடைவெளி அகன்றுபோன பிளக்கோ அங்கேதான் தோற்கும்; மெதுவாகப் போகும்போது தெரியாது. கோடு பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர். அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டரில் மாற்றி மாட்டிக் கோடை அழித்து ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் பழுது. பி0302 ஆகவே நின்றால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) அல்லது கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அழுத்தம்) காரணமாக இருக்கலாம்.

டர்போ எஞ்சின்களில் பிளக் இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், உங்கள் கையேடு சொல்வதே இறுதி. சூடான எஞ்சினில் பிளக்கைக் கழற்றாதீர்கள், அலுமினிய மரை பிய்ந்துவிடும். காயில் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தால், முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் வழி இலைகளால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் புதுக் காயிலும் அடுத்த மழைக்குள் போய்விடும்.

கேள்வி: கெந்திங் மலை ஏறும்போது மட்டும் சக்தி குறைகிறது. கோடு பி0087. (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: இது காற்றுப் பிரச்சினை அல்ல, பெட்ரோல் அழுத்தம் போதவில்லை. விலையுயர்ந்த உயரழுத்தப் பம்பை மாற்றும் முன், அதற்கு ஊட்டும் தொட்டிப் பம்பின் அழுத்தத்தை ஏற்றத்தில் இருப்பதுபோல் சுமை கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். சும்மா நின்று அளந்தால் நன்றாகத்தான் காட்டும். எஞ்சின் ஆயில் குச்சியையும் எடுத்துப் பாருங்கள். அளவு தானாக ஏறி, பெட்ரோல் வாசம் அடித்தால் உயரழுத்தப் பம்பின் சீல் போயிருக்கலாம், ஆயிலையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: 98 பெட்ரோல் போட்டால் திடீர்ச் சக்தி இழப்பு தீருமா? (வாசகர், பொங்கோல்)

பதில்: தீராது. பெட்ரோல் மூடியின் உட்புறம் 95 என்று எழுதியிருந்தால் 95 போதும். அங்கே 98 என்று எழுதியிருந்தும் நீங்கள் 95 போட்டுக்கொண்டிருந்தால் இழுவை சற்று மந்தமாகும், ஆனால் கத்தரித்ததுபோல் அறுந்துவிடாது.