லேசருக்குப் பிறகு முகச் சிவப்பு: 2,400 ரூபாய் க்ரீம் செட் வாங்கலாமா?

கேள்வி: மேலுதட்டிலும் தாடையிலும் முடி நீக்க, லேசர் கிளினிக் ஒன்றில் ஆறு சிட்டிங்குக்கு 18,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். மூன்றாவது சிட்டிங் முடிந்து ஐந்து நாளாகிறது. தாடை இன்னும் சிவந்து எரிகிறது. இரண்டு இடத்தில் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. “எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, 2,400 ரூபாய்க்கு க்ரீம் செட் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் கொடுத்த ட்யூப்பைத் தடவினால் சிவப்பு அடங்குகிறது. எதை வாங்குவது? மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகி, திருப்பூர்

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் அந்த ட்யூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. லேசர் செய்த கையோடு மருத்துவரே சில நாளைக்கு இதை எழுதித் தருவதுண்டு. அது அவர் பார்வையில் நடப்பது. நாமாக வாங்கி வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், பரு வரும், நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். முகத்தில் முடி வளர்வதும் உண்டு. நீங்கள் எதைப் போக்கப் பணம் கட்டினீர்களோ அதுவே! இத்தகைய க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்தது. கடைகளில் இன்னும் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

முடி நீக்கும் லேசரில் சிவப்பும் லேசான வீக்கமும் சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் தணிய வேண்டும். பருத்தழும்புக்குச் செய்யும் கார்பன் டை ஆக்சைடு லேசர் என்றால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூடச் சிவப்பு இருக்கும். அது வேறு கதை. ஐந்தாம் நாளும் எரிச்சல், அதோடு பொருக்கு என்றால் தீக்காயமாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்.டி. அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் மருத்துவரை நாளைக்கே பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கும் போகலாம். கொப்புளம், சீழ், காய்ச்சல் தெரிந்தால் நாளைவரை காத்திருக்க வேண்டாம்.

அதுவரை செலவு அதிகமில்லை. குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒத்தடம், மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லி, இவ்வளவுதான். பொருக்கைப் பிய்க்காதீர்கள். ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், வைட்டமின் சி, ஸ்க்ரப், எலுமிச்சை, மஞ்சள் எதுவும் இப்போது முகத்தில் படக் கூடாது. கைக்காசைப் போடுவதானால் சன்ஸ்க்ரீனில் போடுங்கள். நம் நிறத்துத் தோலில் சிவப்பு போன இடம் கறுத்து, மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதை இன்னும் ஆழமாக்கும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், ஸிங்க் ஆக்சைடு உள்ளதாக வாங்குங்கள். நிறம் சேர்த்ததில் அயர்ன் ஆக்சைடு இருந்தால் இன்னும் நல்லது. புண் மூடிய பிறகே தடவ வேண்டும். வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. புண் மூடும்வரை துப்பட்டாவும் குடையும் போதும்.

இனிப் பணம். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “பணம் திருப்பித் தரப்படாது” என்று பில்லில் அச்சடித்திருப்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. எந்த மெஷின், எவ்வளவு சக்தி, இயக்கியது யார், டெஸ்ட் பேட்ச் (முதலில் சிறு இடத்தில் மட்டும் சோதிப்பது) பார்த்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் ஆபத்து குறைந்தது, லேசருக்குப் பதில் ஐ.பி.எல். எனும் பளிச்சிடும் ஒளிக் கருவியை வைத்திருந்தால் அது முக்கியமான விவரம். மருத்துவர் நடத்தும் இடமென்றால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் உங்கள் சிகிச்சைப் பதிவேட்டைத் தர வேண்டும்.

மீதி மூன்று சிட்டிங் பணமான 9,000 ரூபாயையும் சிகிச்சைச் செலவையும் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 30 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார், அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் சாட்சியாகும் முகப் படத்துக்கு அவகாசம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில், அதே கோணத்தில், தினம் ஒரு படம் இன்றிலிருந்தே எடுத்து வையுங்கள்.