பவரோட்டி பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

கே: ஓபரா பக்கமே போனதில்லை சார். பவரோட்டி அப்படி என்ன சாதித்தார்?

ப: 1972 பிப்ரவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில், இசையமைப்பாளர் தோனிசெத்தியின் இசைநாடகம் (அதுதான் ஓபரா) ஒன்றில், ஒரே பாட்டுக்குள் ஒன்பது முறை மேல் 'சி' ஸ்வரத்தைத் தொட்டார். கள்ளக்குரலில் ஒப்பேற்றவே ஆசை வரும் உயரம் அது. இவர் முழுக்குரலில் நின்றார். கைதட்டல் ஓயாமல் 17 முறை திரைக்கு முன்னால் வரவேண்டியிருந்தது.

கே: பரம்பரைப் பாடகரா?

ப: இல்லை. 1935இல் இத்தாலியின் மோதெனாவில் பிறந்தவர். அம்மா சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை. அப்பா ரொட்டி சுடுபவர். அப்பாவுக்கு நல்ல குரல் இருந்தும் மேடைப் பயத்தால் பாட்டைத் தொழிலாக எடுக்கவில்லை. 1955இல் ஊர்ப் பாடகர் குழு வேல்ஸ் நாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. அப்பாவும் மகனும் அந்தக் குழுவில் இருந்தார்கள். மகனுக்குப் பாட்டுதான் வாழ்க்கை என்று தோன்றியது அங்கேதான். இடையில் பள்ளி வாத்தியார் வேலை, இன்சூரன்ஸ் விற்பனை எல்லாம் பார்த்துவிட்டு, 1961இல் ரெஜியோ எமிலியாவில் 'லா போஎம்' என்ற ஓபராவின் நாயகனாக மேடையேறினார்.

கே: அண்ணா, நான் பாட்டு கற்கிறேன். அவருக்கு அந்த மூச்சு எப்படி வந்தது?

ப: நல்ல கேள்வி. 1965இல் ஓபரா பாடகி ஜோன் சதர்லேண்டுடன் ஆஸ்திரேலியா சுற்றினார். அந்த அம்மா பாடும்போது விலாவில் கைவைத்து, மூச்சுத் தசை எப்படித் தாங்குகிறது என்று தொட்டே பார்த்துக் கற்றார். அதற்குள் மேடையேறி நாலு வருஷம் ஆகியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கே: கடைசி நேரத்தில் ரத்து செய்வாராமே?

ப: உண்மை. சிகாகோ லிரிக் ஓபராவில் 41 நிகழ்ச்சிகளில் 26க்கு வரவில்லை. 1989இல் 'இனி வேண்டாம்' என்று விட்டார்கள். ரசிகனாக இருந்தும் இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கே: 2006 டுரின் ஒலிம்பிக்கில் பாடியது நிஜமா?

ப: குரல் அவருடையது, ஆனால் முன்பே பதிவு செய்தது. மறுவருடம் செப்டம்பரில் கணையப் புற்றுநோயில் காலமானார்.

கே: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ப: எல்லாரும் 1990 ரோம் கச்சேரியின் 'நெஸ்ஸுன் தோர்மா' பாட்டைக் காட்டுவார்கள். நான் காட்டுவது, கரயான் வாத்தியக் குழுவை நடத்திய 'லா போஎம்' இசைத்தட்டு, 1972 பதிவு. கூடப் பாடும் மிரெல்லா ஃப்ரேனி அவர் ஊர்க்காரர். இருவரின் அம்மாக்களும் ஒரே தொழிற்சாலை. முதல் அங்கத்தின் கடைசிக் கால் மணி நேரம் போதும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.